ஏழு குமிழிகள்

"சாப்பிட்டுட்டு ஓடி வந்துடறேன், என்ன?"

டாக்டர் கௌசலா இதைச் சொல்லிவிட்டு வெளியே போனார். யாரிடம் சொன்னார் என்று பார்க்க, மாப்போடு உள்ளே எட்டிப் பார்த்தாள் லெட்சுமி. அறையில் ஒருவருமில்லை.

ஒரு தண்ணீர்த் தொட்டி, மேலே ஒரு சிவப்பு பல்பு, அவ்வளவுதான். தொட்டிக்குள் கிடந்த தகட்டில் மிளகளவில் ஏழு காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தன. படிப்பு முற்றினால் குமிழியோடும் பேசுவார்கள் போலும்.

மேரு என்ற ஊரிலுள்ள அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் லெட்சுமி துப்புரவு வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான். முதல் நாளே டாக்டர் எச்சரித்திருந்தார். "அக்கா, அந்த ஷீட் இருட்டுல குமிழியைப் பிடிச்சு வெச்சிருக்கும். வெள்ளை லைட் பட்டா விட்டுடும். சுவிட்சைத் தொட்டுடாதீங்க லா." தொடப்போன பழைய ஆளுக்கு அன்றைக்கே வேலை போயிற்று.

ஆனால் மணி ஏழாகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் இடம் இருண்டு கிடந்தால் மூதேவி குடியேறுவாள் என்று கேட்டு வளர்ந்தவள் லெட்சுமி. பழக்க தோஷத்தில் கை சுவிட்சைத் தட்டிவிட்டது.

ஏழும் தகட்டிலிருந்து நழுவி, மேலே வந்து உடைந்தன.

சட்டென்று விளக்கை அணைத்தாள். இந்த வேலையும் போனால் மூன்று பிள்ளைகளோடு எங்கே போவது? தொட்டியோரம் ஒரு ரப்பர் குழாய் கிடந்தது. முனையில் பல் பதிந்த தடம். பக்கத்தில் 'ஜெயந்திரன்' என்று போன மாதத் தேதியோடு ஒரு சீட்டு.

கூட வேலை பார்க்கிறவராக இருக்கும். அவர் ஊதினதை நாம் ஊதினால் யாருக்குத் தெரியப்போகிறது?

குழாயை வாயில் வைத்து மெல்ல ஊதினாள். ஒன்று, இரண்டு, ஏழு. புண்ணியத் தகடு, பிடித்துக்கொண்டது.

கௌசலா திரும்பி வந்தார். தொட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, பெருசாயிருக்கு."

"நான் ஒன்னும் செய்யல டாக்டர். வெறும் காத்துதானே லா..."

கௌசலா தொட்டிக் கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழத் தொடங்கினார். "நேத்துதான் என் வீட்டுக்காரருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சுது. இது அவர் கடைசியா ஊதினது அக்கா. நாளுக்கு நாள் கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு."

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள் லெட்சுமி. அதற்குள் டாக்டர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"திரும்ப மூச்சு விடுறார் அக்கா!"