ஐந்தாவது கப் டீ

"உள்ளே ஏதாவது ஊத்தினியாண்ணே?"

சிங்குக்கு அடியில் குனிந்தபடியே கேட்டான் வுப்போ.

"ஒண்ணும் ஊத்தலை" என்றார் ஹில்லர்ட்.

பொய். அரை மணி நேரத்துக்கு முன்தான் அடைப்பு நீக்கும் பவுடரை அரை டப்பா கொட்டி, அது போதாதென்று ஒரு கெட்டில் கொதிநீரையும் ஊற்றியிருந்தார். பிளாஸ்டிக் குழாய். அடைப்பு இம்மியும் அசையவில்லை. டப்பா இப்போது சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

வுப்போ கூடப் பிறந்த தம்பிதான். ஆனால் ஒன்பது வருடமாகப் பேச்சு கிடையாது. சாலையில் பந்து உருட்டும் போட்டியில் அண்ணனின் அணியை விட்டுவிட்டு, கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊர் அணிக்குப் போனவன். போனதோடு நிற்காமல் ஜெயித்தும் தொலைத்தான். அதை மறக்கிற ஆளா ஹில்லர்ட்?

ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் இந்தக் கிழக்கு ஃப்ரீஸ்லாந்து மூலையில் இன்றைக்கு வேறு எந்த பிளம்பர் வருவான்? மனைவி டோமாதான் அவனுக்குப் போன் போட்டாள். "நான் வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு சர்ச்சுக்குக் கிளம்பிவிட்டாள்.

உண்மையைச் சொல்லலாம். ஆனால், "பிளாஸ்டிக் குழாயில அந்தப் பவுடரைப் போடாதீங்க, கொதிநீர் ஊத்தாதீங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிபவனே இவன்தான். நாளைக்கு வீட்டுக்கு வீடு சொல்லிச் சிரிப்பானே!

வுப்போ பையைத் திறந்தான்.

குழாயின் மரையைத் திருகினால் உள்ளே தேங்கியிருக்கும், தோலையே பொசுக்கும் பவுடர்த் தண்ணீர் அத்தனையும் அவன் முகத்தில் கொட்டும். ஹில்லர்ட் அவசரமாக டீ கெண்டியை எடுத்தார்.

"முதல்ல டீ குடி."

"அட! ஒன்பது வருஷம் கழிச்சு டீயா? விஷம் ஏதும் வைக்கலையே?"

"கற்கண்டுதான் போட்டிருக்கு. குடிடா."

வந்தவனுக்கு மூன்று கப் ஊற்றுவது ஊர் வழக்கம். போதுமென்றால் அவன் கரண்டியைக் கப்புக்குள் வைக்க வேண்டும். வைக்கிறவரை ஊற்றிக்கொண்டே இருக்கலாம்.

இரண்டாவது கப்பை ஊற்றும்போது டீ சாஸரில் சிந்தியது.

"கை நடுங்குதேண்ணே! உன் பந்து ஏன் எப்பவும் வாய்க்கால்லயே போய் விழுந்துச்சுன்னு இப்பதான் புரியுது."

வேறு நாளாக இருந்தால் கப் பறந்திருக்கும். ஹில்லர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதை ஊற்றினார். நேரமாக ஆக அந்தப் பவுடரின் வேகம் அடங்குமா, அடங்காதா? தெரியவில்லை. டப்பாவை எடுத்துப் படிக்கவும் வழியில்லை.

நான்காவது.

"இன்னும் கொஞ்சம் பாலாடை போட்டுக்க."

"உபசாரம் பலமா இருக்கே! நிஜமாவே ஒண்ணும் ஊத்தலையே?"

"எத்தனை தடவைடா கேப்ப? ஊத்தலைன்னா ஊத்தலை."

ஐந்தாவதைக் குடித்து முடித்ததும் வுப்போ கரண்டியைக் கப்புக்குள் வைத்தான்.

இனி ஊற்ற முடியாது.

எழுந்து போய் சிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தான். வெறும் கை. கண்ணுக்கு நேர் மேலே குழாய். இரண்டு விரல்களால் மரையைப் பிடித்தான்.

"தொடாதடா!"

ஹில்லர்ட் பாய்ந்து அவன் காலைப் பிடித்து இழுத்தார். மூச்சு வாங்கியது.

"பவுடர் போட்டிருக்கேன்... அரை டப்பா. கொதிநீரும் ஊத்தினேன். கண்ணு போயிடும்டா, வெளிய வா!"

வுப்போ மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். பையிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடியையும் முழங்கை வரை நீளும் கையுறைகளையும் எடுத்தான்.

"மேல நிக்கிற தண்ணியை முதல்ல மொண்டு எடுத்துடணும். குழாய் நல்லா ஆறட்டும். நான் வந்து தொட்டப்பவே சுட்டுச்சு."

ஹில்லர்ட்டுக்கு முகம் சிவந்தது.

"தெரிஞ்சுக்கிட்டேவா அஞ்சு கப் குடிச்ச? அப்புறம் எதுக்குடா அடியில போய்ப் படுத்த?"

வுப்போ கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"குழாயைப் பத்தி அப்பவே தெரிஞ்சுபோச்சுண்ணே. உன்னைப் பத்திதான் தெரியாம இருந்துச்சு."