தாத்தா ஜெயிச்ச கப்பு

பாடியிலிருந்து பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா ரகுநாதன், டி.வி. பெட்டி மேலிருந்த பழைய வெள்ளிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதை ஆவடி ஏலத்தில் எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனாலும் பெண்ணின் அப்பா கலியமூர்த்தி அளந்துவிட்டார்: "வெள்ளைக்காரன் பட்டாளத்துல, துப்பாக்கி சுடுற போட்டியில எங்க தாத்தா ஜெயிச்ச கப்புங்க!"

"கைப்பிடி நசுங்கிக்கீதே?"

"ஜெயிச்சதும் தாத்தாவைத் தோள்மேல தூக்கினாங்க. அப்ப கைதவறி விழுந்துடுச்சு."

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி பார்வதம், 'இந்த மனுஷன் வாயாலேயே சம்பந்தம் கெடப்போகுது' என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ரகுநாதன் கோப்பையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"நான் குதிரை மிதிச்சுதுன்னு சொல்லிகினு இருந்தேன். உங்க கதை தேவலாம் சம்பந்தி! போன வாரம் ஏலத்துல போடுற வரைக்கும், இதை ஜெயிச்சது எங்க தாத்தா!"