பதினேழாம் பாத்தியின் பச்சைச் சேலை

கத்திரி வெயிலுக்குப் பயந்து, பரிமளா தன் வெண்டைச் செடிகளுக்கு மேல் பழைய வேட்டியைக் கட்டியிருந்தாள். சமூகத் தோட்டத்தைச் சுற்றிவந்து சொட்டுநீரையும் கவனிக்கும் டிரோன், பச்சை தெரியாத பாத்தியை அன்றே வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

“வேட்டியை அவுத்துரும்மா, இப்ப வந்துரும்,” என்றார் பக்கத்துப் பாத்தி அந்தோணி.

“அவுத்தா செடி கருகிடும்ண்ணே.”

பையிலிருந்து, இலை இலையாக அச்சிட்ட பச்சைச் சேலையை எடுத்து வேட்டியின் மேல் விரித்தாள்.

“டிரோனையே ஏமாத்தப் பாக்குறியா?”

அது தலைக்கு மேல் வந்து நின்றது.

“பதினேழாம் பாத்தி, முழுப் பசுமை. பாராட்டுகள்.”

பரிமளா சிரிப்பதற்குள் அடுத்த அறிவிப்பு வந்தது.

“ஒரு வாரத்துக்குத் தண்ணீர் தேவையில்லை.”

சேலைக்கு அடியில் சொட்டுக் குழாய் நின்றுபோனது.