உடம்பை உதறாதீங்க

கருவாயன் என்ற நாய்க்குத் தினமும் மதியத் தூக்கத்தில் ஒரு கனவு வரும். விழிக்கும்போது வாயெல்லாம் எச்சில் ஊறியிருக்கும், வால் தானாக ஆடும். ஆனால் என்ன கண்டோம் என்பது மட்டும் சுத்தமாக மறந்துவிடும்.

"எழுந்ததும் உடம்பை உதறுறீங்களே அண்ணே, கனவும் அதோட உதிர்ந்துடுது," என்றாள் சிலுப்பி. குஞ்சாக இருந்ததிலிருந்தே அவன் வயிற்றோரம் ஒண்டித் தூங்கும் செம்மண் நிறக் கோழி அவள். "முழிச்சாலும் கண்ணைத் திறக்காம, அசையாமக் கிடங்க. கடைசியா எது வந்துச்சோ அதைப் பிடிச்சுக்கிட்டு மெல்லப் பின்னாலேயே போங்க."

உதறாமல் இருப்பது நாய்க்கு லேசுப்பட்ட காரியமா? கருவாயன் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினான். முதலில் ஒரு வாசனை மட்டும் மிஞ்சியது. பிறகு, எதையோ துரத்திக்கொண்டு ஓடியது நினைவுக்கு வந்தது. சிலுப்பிக்குத் தன் முட்டையே பொரிந்ததுபோல் சந்தோஷம்.

இன்று முழுக் கனவும் வந்தது. அவன் வாய் நிறைய இறகு இருந்தது. பல்லுக்கடியில் எலும்பு நொறுங்கியது. அந்த இறகின் செம்மண் நிறம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

சட்டென்று கண்ணைத் திறந்தான். மூக்கருகே சிலுப்பி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சா அண்ணே? சொல்லுங்க, சொல்லுங்க!"

கருவாயன் துள்ளியெழுந்து, தோலே கழன்றுவிடும்போல் உடம்பை உதறினான்.

"மறந்துபோச்சு," என்றான்.

"போகட்டும். நாளைக்கு இன்னும் நெருங்கிப் படுத்துக்கிறேன். நானே எழுப்பிவிடுறேன்."

கருவாயன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.