பதினாலு நரம்பு

“பதினாலு!”

டப்பாவைக் கவிழ்த்து எண்ணிவிட்டு நிமிர்ந்தேன். லேசாகப் போதை தரும் கிராதோம் இலையை, நடுநரம்பைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் எங்கள் பக்கம் மெல்லுவார்கள். நரம்பு வயிற்றில் போய்க் கட்டிக்கொள்ளும். எத்தனை நரம்போ, அத்தனை இலை உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

“ஏன் நிகோம் அண்ணே, ரெண்டு மாசமா அதே பதினாலா? டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“ஈரல் வீங்கியிருக்கு. ஒரேயடியா நிறுத்தினா உடம்பு முறுக்கும், தூக்கம் போயிடும். கொஞ்சங்கொஞ்சமா குறைச்சு விட்டுடுன்னாங்க.”

“ஒப்பிக்கத் தெரியுது, வாயைக் கட்டத் தெரியல!”

“கோவிக்காத சமோன். உக்காரு, காப்பி தரேன்.”

தினமும் இதே பாட்டு. ரெண்டு டம்ளர் தயாராக இருக்கும். நான் உட்கார்ந்ததே இல்லை. கிராமச் சுகாதாரத் தொண்டர் என்றால் சும்மாவா? இன்னும் பதினேழு வீடு பாக்கி.

“ஒரு நரம்புகூட இல்லாத அன்னிக்கு எனக்கு விடுதலை. உங்க ரப்பர் தோட்டத்துச் சேத்துப் பாதைக்கு ஒரு பெரிய கும்பிடு!”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி போய் மூன்று வருஷம். மகன் புக்கெட்டில் ஓட்டல் வேலை, வருஷப் பிறப்புக்கு, சோங்க்ரானுக்குச் சோங்க்ரான் போன் வரும்.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது.

“ஐயோ, ரப்பர் ஷீட்டு!” என்று கொடிக்கு ஓடினார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். கிராதோம் மெல்லுகிறவனுக்கு மழை ஆகாது, ஒரு தூறல் விழுந்தாலே நடுங்கிக்கொண்டு ஒதுங்குவான். இந்த மனுஷன் தொப்பலாக நனைந்துகொண்டு, நிதானமாக ஒவ்வொரு ஷீட்டாக உருவுகிறார்!

ஷீட்டை மூட சாக்கு தேடிக் கொல்லைப்பக்கம் போனேன். வாழைக்கடியில் இலைக் குவியல். மேலே பச்சை, அடியில் காய்ந்தது, அதற்கும் அடியில் மக்கியது. எல்லாம் நரம்பு உருவிய கிராதோம். ஒன்றில்கூடப் பல் படவில்லை.

போன வாரம் இவர் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தபோது, “மெஷின் கோளாறு” என்று சண்டை போட்டவள் நான்தான்.

அவருக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்று தெரியாதா எனக்கு? தெரிந்துதானே வாசலோடு திரும்பினேன், பாவி!

சாக்கைக் கொண்டுவந்து போட்டேன். நோட்டை எடுத்து அவர் பெயருக்கு நேரே, ‘அடியோடு விட்டுவிட்டார்’ என்று எழுதி மூடினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். “என்ன எழுதின?”

“ம், பதினாலுன்னுதான்!” காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். “ஒரு வேளை மட்டும் வந்தா நீங்க திருந்த மாட்டீங்க அண்ணே. நாளையிலேர்ந்து சாயங்காலமும் வந்து எண்ணுவேன்!”