பெற்றோர் பெட்டி

மனிதக் கை படாமல் மொத்தச் சொந்தபந்தத்தையே ஒரே சொடுக்கில் பேனரில் ஏற்றும் விஞ்ஞானம் கள்ளக்குறிச்சிக்கு வந்தது தமிழழகனால்தான். பிளக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் அவன் எழுதிவைத்த ஸ்கிரிப்ட், கொடுத்த படங்களைத் தானே எடுத்து டிசைனில் உள்ள பெட்டிகளில் போட்டுவிடும். அச்சுக்கு முன் ஒருதரம் பார்த்துவிடச் சொன்னால், "மனுஷன் கண்ணுதான்டா தப்புப் பண்ணும்" என்பான்.

இப்போது மணலூர்பேட்டை கல்யாண மண்டப வாசலில், அவன் அடித்த பேனருக்குக் கீழேயே அவனை நிறுத்திவைத்திருந்தாள் பச்சையம்மாள்.

"மாமன், மச்சான், மாமன் வூட்டு நாய்க்குட்டி வரைக்கும் கீது. பெத்தவங்க எடத்துல இருக்கறது யாருப்பா?"

"போன ஆர்டர் டிசைன்லயே போட்டேன். ஜோடி பிரியக் கூடாதுன்னு அந்த ரெண்டு பெட்டிய மட்டும் குரூப் பண்ணி வெச்சிருந்தேன். குரூப்புக்குள்ள ஸ்கிரிப்ட் நுழையல. பழைய படமே நின்னுடுச்சி."

"நீ பாக்கல?"

"பாக்கல."

"அவரு இருந்தவரைக்கும் நாங்க சேந்து ஒரு படம் எடுத்ததில்ல. பேனர்லயாவது பக்கத்துல நிக்கலாம்னு ஆசையா வந்தேன்."

தமிழழகன் தலை குனிந்தான். "வேற அடிச்சிடறேன்."

"அடிக்கலாம். அதுக்கு நீ இன்னொரு கல்யாணம் பண்ணிக்கணும்டா."

உள்ளே தாலி கட்டக் கூப்பிட்டார்கள். அவன் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு அம்மாவின் பின்னால் போனான். வாசலில் அவனைப் பெற்றவர்களாக, போன மாதம் மகளுக்குக் காது குத்திய சங்கராபுரத்துத் தம்பதி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.