கர்னல் வந்தாச்சா?

“கர்னலையே தூக்கிடுச்சுணா,” என்றாள் கரோலின்.

மேசைக்கு அடியில் வயர்களுக்கு நடுவே மண்டியிட்டிருந்த அலெக்ஸாண்டர், தலையைத் தூக்கிப் பலகையில் இடித்துக்கொண்டார். ராயபுரத்து மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவதிலிருந்து மைக் செட் போடுவது வரை எல்லாம் அவர்தான்.

“எந்த கர்னலு? மிலிட்டரியா?”

நேரமில்லைதான். இருந்தாலும் கரோலின் விளக்கினாள். கோபுரத்து மணியை அடிக்கிற சுத்தியலை ஓட்டுவது இந்தச் சின்னக் கம்ப்யூட்டர். அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து சுத்தியலோடு பேசுகிற பகுதிக்குப் பேர்தான் கர்னல். ரெடிமேடாக வருகிற கர்னலுக்கு இந்தச் சுத்தியலின் பாஷை தெரியாது. அதனால் அவளே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒன்று செய்து போட்டிருந்தாள். நேற்று யாரோ அப்டேட் கொடுத்ததில் அது போய், ரெடிமேட் வந்து உட்கார்ந்துவிட்டது.

“யாரோ இல்லம்மா, நான்தான்,” என்றார் அலெக்ஸாண்டர். “அப்டேட் பண்ணவான்னு மரியாதையா கேட்டுச்சு. நாளைக்கு கல்யாணம் கீதே, மணி நல்லா அடிக்கட்டும்னு ஓகே அமுக்கிட்டேன்.”

அவர்மேல் யாருக்கும் கோபம் வராது. அப்படி ஒரு முகம்.

கல்யாணப் பூசைக்கு முதல் மணியும் அடிக்கவில்லை, இரண்டாம் மணியும் அடிக்கவில்லை. மூன்றாம் மணியாவது அடித்தாக வேண்டும். கையால் அடிக்கலாமென்றால் கயிறே கிடையாது. இந்தக் காலத்தில் கயிறு எதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அதைக் கழற்ற வைத்ததே கரோலின்தான். அன்றைக்கே கோயில் கமிட்டியில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். இன்று மணி அடிக்காவிட்டால் கயிறு திரும்ப வந்துவிடும், அவள் பேர் ராயபுரம் முழுக்க நாறிவிடும்.

பழைய கர்னலைத் தேடிப் பார்த்தாள். அப்டேட் அதைச் சுத்தமாகத் துடைத்திருந்தது. புதிதாகத்தான் செய்ய வேண்டும், இந்தக் குட்டி மெஷினில் அது ஆடி அசைந்துதான் நடக்கும்.

கட்டளையைத் தட்டினாள். திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. வழக்கமாக அவளே மேசைக்கடியில் புகுந்து வேலை பார்ப்பாள். இன்று நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, சிவப்பு வயரை அமுக்கு, மஞ்சளைப் பிடி என்று அலெக்ஸாண்டரையே வேலை வாங்கினாள்.

வெளியே மீஞ்சூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் விசிறிக்கொண்டிருந்தார்கள். பூச்சரம் கட்டிய கார் வாசலுக்கு வந்து நெடுநேரமாகிவிட்டது. மாப்பிள்ளை பிராங்கிளின் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தான். தண்ணீர் எடுக்கப் போன அலெக்ஸாண்டரை மாப்பிள்ளையின் மாமா மடக்கி, ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கேட்டார்.

அலெக்ஸாண்டருக்குப் பொய் வராது. “கர்னலு இன்னும் ரெடியாவலீங்க. வந்தாத்தான் மணி அடிக்கும்.”

மாமாவின் முகமே மாறிவிட்டது. பெண் வீட்டுப் பக்கம் இவ்வளவு பெரிய மனிதர் இருப்பதைத் தன்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று குறைபட்டுக்கொண்டே திரும்பினார். சற்று நேரத்தில் செய்தி கடைசி பெஞ்ச் வரை போய்விட்டது. முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துப் போட்டார்கள். விசிறல் நின்றது, சட்டைப் பித்தான்கள் மாட்டப்பட்டன. மிலிட்டரிக்காரருக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்று மாமாவே சொல்லிவிட்டார்.

ஜேக்கப் ஃபாதருக்குத்தான் பொறுமை போய்விட்டது. பூசை உடுப்போடு அறைக்குள் எட்டிப் பார்த்தார். மணி இல்லாமலே ஆரம்பிக்கலாம், மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றார்.

“மணி அடிக்காம நான் இந்த எடத்தை வுட்டு வர மாட்டேன் ஃபாதர்,” என்றாள் கரோலின், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஃபாதர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார்.

முக்கால்வாசி ஓடியபின் வரிகள் சட்டென்று நின்றன. சிவப்பில் ஒரு பிழை. அவள் முன்பு எழுதிய வரி ஒன்றை, அப்டேட்டோடு வந்த புதுச் சமாசாரம் ஏற்கமாட்டேன் என்றது. பக்கத்தில் போன் வேறு விடாமல் அதிர்ந்தது. அம்மாதான். எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள்.

கரோலினுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. கண் மை கலையாமல் விரல் நுனியால் ஒற்றிக்கொண்டாள்.

“அழுவாதம்மா,” என்றார் அலெக்ஸாண்டர் மேசைக்கடியிலிருந்து. “எல்லாம் என்னால வந்த பேஜாரு. மாதா கைவுட மாட்டா.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தாள். ஒரே ஒரு சொல்தான் வம்பு பண்ணியது. மாற்றி எழுதித் தட்டியதும், விட்ட இடத்திலிருந்து வரிகள் ஓடி ஒருவழியாக முடிந்தன. புதுக் கர்னலைப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி உயிர் கொடுத்தாள். திரை கறுப்பாகவே கிடந்தது.

கோபுரத்தில் டங்கென்று விழுந்தது ஓர் அடி. பிறகு இன்னொன்று, பிறகு விடாமல் அடித்தது. மீன் மார்க்கெட் வரை கேட்கிற மணி அது.

வெளியே பெஞ்சுகள் உரசும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் கர்னலுக்காக எழுந்து நின்றார்கள். அலெக்ஸாண்டர் மேசைக்கடியிலேயே சிலுவை போட்டுக்கொண்டார். கரோலின் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டிச் சிரித்தாள்.

கதவைத் திறந்துகொண்டு ஜேக்கப் ஃபாதர் வந்தார். மணியைக் கேட்டுக்கொண்டே அவளைப் பார்த்து, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

“இப்பவாச்சும் கல்யாணம் பண்ணிக்க வர்றியாம்மா?”